தாடை வலிக்கு மதுரையில் முதலில் எங்கே செல்வது: ஐந்து வழிகளின் ஒப்பீடு

தாடை வலி வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பல் மருத்துவரைப் பார்ப்பதா, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பதா, அல்லது ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரி எனப்படும் அரசு இராசாசி மருத்துவமனைக்கே போய்விடுவதா? இந்தத் தடுமாற்றத்துக்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. மேல், கீழ்ப் பற்கள், தாடை மூட்டு, மெல்லும் தசைகள், மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை (சைனஸ்), காதின் முன்பகுதித் தோல் ஆகிய அனைத்தின் உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் மூளை நரம்பாகிய முப்பிரிவு நரம்புதான். ஆகவே கீழ்க் கடைவாய்ப் பல்லில் உள்ள கோளாறு காது வலியாகவும், மூட்டில் உள்ள கோளாறு பல் வலியாகவும் தோன்றுவது வழக்கம். எந்த மருத்துவரிடம் முதலில் செல்கிறோமோ அவருடைய துறைக்கு உட்பட்ட காரணமே முதலில் தேடப்படும் என்பதால், முதல் வாசலைத் தேர்ந்தெடுப்பது சிகிச்சையின் போக்கையே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு முன்: காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழே சொல்லப்படும் ஒப்பீடு அவசரமில்லாத வலிக்கு மட்டுமே பொருந்தும். நடந்தால் அல்லது மாடி ஏறினால் தாடையில் வலி வந்து, நின்றால் குறைவது, வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சு அழுத்தம், குமட்டல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்வது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். பெண்களுக்கும் நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி தெளிவாக இல்லாமல் தாடையிலும் கையிலும் மட்டுமே தெரிவதுண்டு. அப்போது 108-ஐ அழைப்பதே முறை. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் செல்லலாம். 2023-இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கான முதல்கட்ட மாத்திரைகள் அங்கே கொடுக்கப்படுகின்றன.

தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் வீங்கி விழுங்க முடியாமல் போவது, கொட்டாவி விட்ட வாய் மூட முடியாமல் நின்றுவிடுவது, அடிபட்ட பின் பற்கள் முன்போல ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பது, காயம் பட்ட சில நாட்களில் தாடை இறுகிப் போவது, ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பதோடு நெற்றிப்பொட்டில் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்வது ஆகியவையும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

மருத்துவரின் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள்தான் இறுதியில் அதிகம் செலவழிக்கிறார்கள். என் கணக்கில் நான்கு அளவுகோல்கள் முக்கியமானவை. அந்த இடத்தில் எத்தனை வகைக் காரணங்களைக் கண்டறிய முடியும் என்பது முதலாவது. கட்டணத்தோடு பேருந்துச் செலவு, இழக்கும் கூலி, உடன் வருபவரின் கூலி, படம் எடுக்கும் செலவு ஆகியவற்றையும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது இரண்டாவது. அங்கே செய்யப்படும் சிகிச்சையைத் தவறென்று தெரிந்தால் திரும்பப் பெற முடியுமா என்பது மூன்றாவது. மாத்திரையை நிறுத்தலாம், பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. வாரக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சைக்கு அதே மருத்துவரிடம் திரும்பத் திரும்பச் செல்ல முடியுமா என்பது நான்காவது. நான்கிலும் மூன்றாவதுக்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

வலி தானே தரும் குறிப்புகள்

எந்த வாசலுக்குச் செல்வதென்று முடிவெடுக்கும் முன், வீட்டிலேயே வலியைச் சற்றுக் கவனித்துப் பார்ப்பது பயன் தரும். குளிர்ந்த ஜிகர்தண்டாவை ஒரு வாய் குடித்ததும் சுரீரென்று பிடித்து, விழுங்கிய பின்னும் நீண்ட நேரம் நீடித்து, இரவில் படுத்தால் அதிகமாகும் வலி பெரும்பாலும் பல்லின் உள்ளிருக்கும் நரம்புத் திசுவின் அழற்சி. கடிக்கும்போது இல்லாமல் கடித்ததை விடும் நொடியில் குத்துவது பல்லில் விரிசல் இருப்பதற்கான குறிப்பு. இருபது வயதையொட்டியவர்களுக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, வாய் திறக்க இயலாமல், எச்சில் விழுங்கவும் வலித்தால் ஞானப்பல் முளைக்கும் இடத்தில் சீழ் பிடித்திருக்கலாம்.

மூட்டையும் தசையையும் சோதிப்பதற்கு ஒரு கண்ணாடி போதும். இரு காதுகளுக்கும் முன்னால் ஆட்காட்டி விரல்களை வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து மூடினால், விரலின் அடியில் மூட்டின் குமிழ் நகர்வது தெரியும். ஒரு பக்கம் மட்டும் 'டக்'கென்று சத்தம் கேட்பது, திறக்கும்போது கீழ்த்தாடை நேர்கோட்டில் இறங்காமல் ஒரு பக்கம் கோணிச் செல்வது, அந்த இடத்தை அழுத்தினால் வழக்கமாக வரும் அதே வலி வருவது ஆகியவை மூட்டைச் சுட்டுகின்றன. வலி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் அதற்குச் சிகிச்சையே தேவையில்லை. பலருக்கு ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிந்தால் வாய் திறப்பு போதுமான அளவில் இருக்கிறதென்று கொள்ளலாம். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். காலையில் எழும்போதே தாடை கனத்து வலித்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கமும், மாலையில் வலித்தால் வேலையின்போது தம்மை அறியாமல் பற்களை இறுக்கி வைத்திருக்கும் பழக்கமும் காரணமாக இருக்கலாம்.

முகம் கழுவும்போதோ, பல் துலக்கும்போதோ, வண்டியில் செல்கையில் காற்றுப் பட்டாலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் மட்டும் ஒரே பக்கத்தில் வெட்டி இழுக்கும் வலி வேறு வகையைச் சேர்ந்தது. அது முப்பிரிவு நரம்பு வலி. பல் வலி தூங்கவிடாது. இந்த நரம்பு வலியோ தூக்கத்தில் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டறியாமல் நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, வலி மட்டும் அப்படியே நிற்க, கடைசியில் நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேருபவர்கள் உலகெங்கும் உண்டு.

சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கு அடியில் வீங்கி, சாப்பிட்ட பின் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். குனிந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாகக் கனப்பது சைனஸ் அழற்சியைக் காட்டும். குழந்தைக்குக் காய்ச்சலோடு காதடி வீங்கினால் அது பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். தங்கச் சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் அது பெரும்பாலும் தானே வடிந்துவிடும்.

வாய் திறப்பு மாதம் மாதமாகக் குறைந்து, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகிப் போவது பாக்குப் பழக்கத்தால் வரும் நார்த்திசு நோய். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த வட்டாரத்துக்குப் பெருமைதான். இந்த நோயில் குற்றவாளி வெற்றிலை அன்று, அதற்குள் வைக்கும் பாக்கு. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணோ உதட்டில் மரத்த உணர்வோ சேர்ந்திருந்தால் இதை மூட்டு வலியென்று தள்ளிப் போடக் கூடாது.

முதல் வழி: மருந்துக் கடை மாத்திரையும் சில நாள் பொறுமையும்

அகலமாகக் கொட்டாவி விட்டதாலோ, கரும்பைக் கடித்ததாலோ, பல் சிகிச்சைக்காக நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததாலோ வந்த வலிக்கு இதுவே போதுமானது. இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு என்று மெல்லும் வேலையைக் குறைத்து, பரோட்டா, முறுக்கு, கடலை மிட்டாய், பனங்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தால் பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு மாத்திரையில் இருக்கிறது. காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படும் பெயர் தெரியாத மாத்திரைக் கலவையில் ஸ்டீராய்டும் பாதி அளவு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருந்தால், சீழ் கட்டியிருப்பவரின் வலி மட்டும் அடங்கி, சீழ் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாதவை. நீரிழிவு உள்ளவர்களும், காய்ச்சலோ வீக்கமோ உள்ளவர்களும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

இரண்டாம் வழி: அருகிலுள்ள பல் மருத்துவர்

குறிப்புகள் பல்லைச் சுட்டினால் இதுவே முதல் வாசல். ஐந்து நிமிடத்தில் அவரால் செய்ய முடிந்த சோதனைகளை வேறு எந்தத் துறையினராலும் செய்ய முடியாது: கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லையும் மெல்லத் தட்டுவது, குளிரூட்டிய பஞ்சை வைத்துப் பார்ப்பது, பஞ்சுருளையைக் கடிக்கச் சொல்வது, ஒரு பல்லுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுப்பது. பழகிய மருத்துவரென்றால் திரும்பத் திரும்பச் செல்வதும் எளிது.

குறை எங்கே என்றால், சிகிச்சை தொடங்கிவிட்டால் அது பெரும்பாலும் திரும்பப் பெற முடியாத ஒன்றாக இருக்கிறது. வேர் சிகிச்சைக்குச் (ரூட் கேனால்) சொல்லப்படும் தொகையோடு, பல்லின் மேல் கேப் எனப்படும் மூடி போடும் தொகையும் சேரும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பிடுங்குவது மலிவு, அந்த இடத்தில் பின்னர் பல் கட்டுவது மலிவன்று. எந்தப் பல் என்று தட்டியும் குளிர் வைத்தும் மருத்துவரால் உறுதியாகச் சுட்ட முடியாத நிலையில், 'எதற்கும் இதை எடுத்துப் பார்ப்போம்' என்று சொல்லப்பட்டால் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு இன்னொருவரின் கருத்தைப் பெறுவதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முழுவாய் எக்ஸ்ரேயான ஓபிஜி எடுத்து 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லப்படுவதையும் சற்று எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். அந்தப் படம் எலும்பையும் பல்லையும் காட்டும். மூட்டின் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டையோ தசையையோ காட்டாது.

மூன்றாம் வழி: காது மூக்கு தொண்டை மருத்துவர்

காதில் சீழ், கேட்கும் திறனில் குறைவு, மூக்கடைப்பு, உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம் ஆகியவை இருந்தால் இவரிடம் செல்வதுதான் சரி. புகை, புகையிலைப் பழக்கம் உள்ள ஒருவருக்கு ஒரு பக்கக் காதும் தாடையும் வலித்து, விழுங்குவதிலும் தடை இருந்து, காதைப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை என்றால், தொண்டையை உட்காட்டிக் கருவியால் (எண்டோஸ்கோப்) பார்த்தே ஆக வேண்டும். அது இங்கேதான் நடக்கும். மற்றபடி காதில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்வதற்காகவே பலர் இங்கே ஒரு கட்டணத்தைச் செலவழிக்கிறார்கள். அதுவும் வீணன்று. ஆனால் காது சுத்தமாக இருந்தும் காதுச் சொட்டு மருந்து மட்டும் தொடர்ந்தால் வாசலை மாற்ற வேண்டும்.

நான்காம் வழி: பல் மருத்துவக் கல்லூரி

மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கீழவெளி வீதியில் உள்ள சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி நகரின் நடுவிலேயே இருக்கிறது. காரணம் தெரியாத தாடை வலிக்கு, என்னைக் கேட்டால், அதிகம் பயன்படுத்தப்படாத நல்ல வழி இதுதான். இக்கல்லூரிகளில் புறநோயாளியாக வருபவரை முதலில் பார்ப்பது வாய் மருத்துவம் மற்றும் கதிரியக்கத் துறை. அந்தத் துறையின் வேலையே நோயைக் கண்டறிவதுதான். பல்லை எடுப்பதோ அடைப்பதோ அன்று. அங்கே எழுதப்படும் சீட்டைப் பொறுத்தே வேர் சிகிச்சைத் துறைக்கோ, வாய் முக அறுவைத் துறைக்கோ, செயற்கைப்பல் துறைக்கோ நோயாளி அனுப்பப்படுகிறார். கண்டறிபவரும் சிகிச்சை செய்பவரும் வேறு வேறாக இருப்பதால், அவசரப்பட்டுப் பல்லை இழக்கும் வாய்ப்புக் குறைகிறது. கட்டணமும் தனியார் மருத்துவமனைகளைவிடப் பொதுவாகக் குறைவு.

இங்கே கட்டணத்தில் மிச்சமாவதை நேரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். மாணவர் ஒருவர் முழு வரலாற்றையும் கேட்டு எழுதி, பின்னர் ஆசிரியர் வந்து பார்த்து ஒப்புதல் தருவார். ஒரே அமர்வில் முடியக்கூடிய வேலை மூன்று அமர்வாகலாம். தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் தள்ளிப் போகலாம். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ தினக்கூலியை விட்டுவிட்டு வருபவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இதய நோய், நரம்பு நோய் ஆகியவற்றுக்கு இங்கே விடை கிடைக்காது என்பதும் உண்மை.

ஐந்தாம் வழி: அரசு இராசாசி மருத்துவமனை

1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த இந்த மருத்துவமனையின் பலம், பல், காது, நரம்பு, இதயம் ஆகிய எல்லாத் துறைகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பது. மின்னதிர்ச்சி போன்ற நரம்பு வலி, வயதானவர்களின் புதிய தாடை வலி, விபத்துக் காயம், புற்றுநோய்ச் சந்தேகம், பல நோய்கள் சேர்ந்திருப்பவர் ஆகியோருக்கு இதைவிடப் பரந்த வாசல் இப்பகுதியில் குறைவு. நரம்பு வலிக்கு வழக்கமாகத் தொடங்கப்படும் கார்பமசெபின் மாத்திரையை எடுப்பவருக்குத் தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் வர வேண்டும். இவற்றைக் கட்டணமின்றித் தொடர முடிவது சிறிய உதவி அன்று.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. ஓ.பி. எனப்படும் புறநோயாளிப் பிரிவு காலை நேரத்தில் நடப்பதால் வெளியூரிலிருந்து வருபவர் முதல் பேருந்திலேயே புறப்பட்டு மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ இறங்கி, மருத்துவமனை இருக்கும் கோரிப்பாளையம் வந்து சேர வேண்டும். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு எழுதிக் கொடுத்தால் அது பெரும்பாலும் மறுநாள் வேலையாகிவிடும். அடுத்த முறை வேறு மருத்துவர் இருக்கலாம் என்பதால், வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் கூடுகிறது, இதுவரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டாயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரே, சீட்டுகளோடு சேர்த்துக் கையில் வைத்திருப்பது நல்லது.

| வழி | நன்றாகக் கண்டறியக்கூடியது | மறைந்த செலவு | தவறினால் திரும்ப முடியுமா | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| மருந்துக் கடை | எதுவுமில்லை | தாமதம், மாத்திரையின் பக்கவிளைவு | பெரும்பாலும் முடியும் | காரணம் தெரிந்த சிறு வலி |
| பல் மருத்துவர் | பல், ஈறு, ஞானப்பல் | கேப், பல் கட்டுதல் | பல் போனால் முடியாது | குளிரிலும் இரவிலும் வரும் வலி |
| காது மூக்கு தொண்டை | காது, சைனஸ், சுரப்பி, தொண்டை | 'ஒன்றுமில்லை' என்றறியும் கட்டணம் | முடியும் | சீழ், வீக்கம், விழுங்கத் தடை |
| பல் மருத்துவக் கல்லூரி | பல், மூட்டு, தசை, பாக்கு நோய் | பல அமர்வு, இழக்கும் கூலி | பெரும்பாலும் முடியும் | காரணம் தெரியாத நாட்பட்ட வலி |
| பெரியாஸ்பத்திரி | நரம்பு, இதயம், காயம், புற்றுநோய் | முழு நாள், உடன் வருபவர் | துறையைப் பொறுத்தது | முதியோர், பல நோய் உள்ளோர் |

நாட்டு வைத்தியரிடம் தாடையை நீவி விட்டுக்கொள்வதை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. கையால் தட்டிச் சரிசெய்யும்போது, முறிவு இருப்பது தெரியாமல் எலும்பு மேலும் விலகக்கூடும்.

மூட்டுதான் காரணம் என்று தெரிந்த பிறகு

இரண்டாம் முறை முடிவெடுக்க வேண்டிய இடம் இது. பெரும்பாலான மூட்டு, தசை வலிகள் எளிய சிகிச்சையிலேயே குறைகின்றன என்பதால் படிப்படியாகச் செல்வதே முறை. உதடுகள் மூடியிருக்கும்போதும் மேல் கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை தொட வேண்டும். இதை நாள் முழுவதும் நினைவில் வைத்துப் பழகுவதற்குப் பைசாச் செலவில்லை, ஆனால் எல்லாரும் முதலில் கைவிடுவது இதைத்தான். இதனோடு பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் தாடைப் பயிற்சிகள் சேர்ந்தால் சில வாரங்களில் வேறுபாடு தெரியும்.

இரவில் பல் கடிப்பவருக்குப் பல்லின் மேல் பொருத்தும் ஸ்பிளிண்ட் உதவலாம். அச்செடுத்து அவரவர் வாய்க்கென்று அக்ரிலிக்கில் செய்து, கடித்துப் பார்த்துப் பலமுறை தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய பொருள் அது. செய்து தரும் விலையில் இந்தச் சரிசெய்யும் அமர்வுகளும் அடங்குமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மலிவான வகையை மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குப் பற்களின் பொருத்தமே மாறிவிடும். வலியைப் போக்குவதற்கென்று நல்ல பற்களைத் தேய்த்துக் கடியை மாற்றுவதையும், அதற்காக மட்டும் கிளிப் போட்டுக்கொள்வதையும் முதல் சிகிச்சையாக ஏற்க வேண்டியதில்லை.

வாய் திறப்பு இரண்டு விரல் அளவுக்குக் குறைந்து பயிற்சியிலும் கூடாமல் இருந்தால், வாய் முக அறுவை மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, ஊசி வழியாக மூட்டைக் கழுவும் சிகிச்சையைப் பற்றிக் கேட்கலாம். மூட்டைத் திறந்து செய்யும் அறுவை மிகச் சிலருக்கே தேவைப்படும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுவதால், ஸ்பிளிண்ட், பிசியோதெரபி, ஓ.பி. செலவு ஆகியவை கையிலிருந்து போகும் என்றே கணக்கிட வேண்டும். அறுவை என்று முடிவானால், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்க்கைக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும்.